பதினோராவது நோட்டு

வங்கியில் அவருக்குச் 'சலவை' என்று பெயர். துணி வெளுக்கிற சலவை இல்லை. மடிப்புக் கலையாமல் மொடமொடவென்று இருக்குமே சலவை நோட்டு, அந்தச் சலவை. வரிசையில் கடைசி ஜன்னல் அவருடையது. கிழிந்தது, நனைந்தது, எலி கடித்தது, சட்டைப்பையோடு துவைத்துக் காயப்போட்டது, புருஷன் கோபத்தில் கிழித்துப் பெண்டாட்டி பசை போட்டு ஒட்டியது என்று ஊரில் உள்ள அடிபட்ட நோட்டெல்லாம் அங்கேதான் வந்து சேரும். வாங்கிப் பார்ப்பார், சரியென்றால் புது நோட்டாகத் திருப்பித் தருவார். இருபத்தொன்பது வருஷமாக இதே நாற்காலி. இரண்டு தடவை பதவி உயர்வு வந்தபோதும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அழுக்காக உள்ளே போவது வெள்ளையாக வெளியே வருகிறதே, அதில் அவருக்கு அப்படி ஒரு திருப்தி.

அந்தத் திருப்தியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார் என்பதுதான் தொல்லை. மனைவியின் பர்ஸைத் திறந்து கசங்கிய நோட்டை எடுத்துக்கொண்டு புதுசு வைப்பார். காய்கறிக்காரர் மிச்சம் கொடுத்தால் அங்கேயே நின்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "இந்த வீட்ல பழசா இருந்தும் இன்னும் மாத்தாம வெச்சிருக்கிறது என்னை ஒருத்தியைத்தான்" என்று மனைவி வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவருடைய வேலையில் ஒரு நோட்டில் பார்க்க வேண்டியது மூன்றே மூன்று. நம்பர், நாலு மூலை, நடுவில் ஓடும் வெள்ளிக் கம்பி. மற்றதெல்லாம் அழுக்கு. எண்ணெய்க்கறை அழுக்கு, மை அழுக்கு, யாரோ எதற்கோ கிறுக்கிவைத்த எழுத்தும் அழுக்கு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஆரம்பத்தில் எழுத்தைப் படித்துப் படித்துச் சிரிப்பார்கள். "சார், இங்க பாருங்க, 'பணம் தரேன், மனசைத் தா'ன்னு எழுதியிருக்கான்." இவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். "படிக்கிறதுக்கா சம்பளம்? எழுத்தும் அழுக்குல சேர்த்திதான். ஓட்டையைப் போடு." மேஜை ஓரத்தில் கையால் அழுத்துகிற மெஷின் ஒன்று இருக்கும். நம்பரைப் பதிவேட்டில் எழுதிவிட்டு நோட்டை அதில் செருகி அழுத்தினால் இரண்டு ஓட்டை விழும். ஓட்டை விழுந்த நோட்டு அதன்பின் நோட்டே இல்லை. மூட்டையில் கட்டி, முத்திரை வைத்து, வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்துக்குப் போகும்.

அவருக்கு ஓர் அக்கா. ஆறு வயது பெரியவள். அப்பா போன பிறகு ரெடிமேட் கம்பெனியில் பட்டன் தைத்து அவரைப் படிக்கவைத்தவள். அவளும் பணத்தை ஒழுங்காகப் புழங்குகிறவள்தான், ஆனால் அவருக்கு நேர் எதிர்த்திசையில். பீரோ நிறைய, கம்பெனியில் மிஞ்சிய துணியில் தைத்த சின்னச் சின்னப் பைகள். சிவப்பு வாடகைக்கு. நீலம் ஆஸ்பத்திரிக்கு. மஞ்சள் கரண்டு பில்லுக்கு. பூப்போட்டது, யார் வீட்டுக்காவது வெறுங்கையோடு போகாமல் இருக்க. மஞ்சள் காலியாகிவிட்டால் இருட்டில் உட்கார்ந்திருப்பாளே தவிர, சிவப்பிலிருந்து ஒரு காசு எடுக்க மாட்டாள். தம்பிக்கு போன் போட்டுக் கைமாற்றுக் கேட்பாள். "அக்காவோட மந்திரிசபை" என்பார் அவர். "ஒரு மந்திரி இன்னொரு மந்திரிக்கு முகம் குடுத்துப் பேச மாட்டார்."

இந்தப் பேதம் அவருக்குப் புரிந்ததே இல்லை. அக்கா புருஷன், இவருக்கு மாமா, லாரி ஓட்டியவர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கொட்டுகிற மழையில் பாலத்தின் கைப்பிடியை உடைத்துக்கொண்டு லாரியோடு ஆற்றில் போய்விட்டார். கம்பெனி நஷ்டஈடு கொடுத்தது. இவர் ஓடிப்போய் வைப்புநிதிப் படிவத்தை நிரப்பிக் கொண்டுவந்து நீட்டினார், நல்ல வட்டி, மாசாமாசம் வரும் என்று. அக்கா அதைத் தொடவில்லை.

"இதுல சோறாக்கினா தொண்டையில இறங்காதுடா."

"பணத்துல என்னக்கா பேதம்? தான் எங்கேருந்து வந்தோம்னு ஒரு நோட்டுக்குத் தெரியுமா?"

"அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமில்ல?"

அவ்வளவு பணத்தையும் போட்டு, லாரிகள் நிற்கிற இடத்தில் ஒரு குடிதண்ணீர்த் தொட்டியும் நாலு குழாயும் கட்டவைத்தாள். மறுபடி பட்டன் தைக்கப் போனாள். நல்ல வட்டியை ஆற்றில் விட்டாளே என்று இவர் வருஷக்கணக்கில் பொருமினார். ஆற்றில் விட்டது என்று வாய்தவறிச் சொல்லி ஒரு தடவை மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

இப்போது விஷயத்துக்கு வரலாம். அந்த மாசம் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. பழைய வரிசைப் பச்சை ஐம்பது நோட்டுகள் வெள்ளிக்கிழமையோடு செல்லாது. கடைசி ஜன்னலில் கூட்டம் தள்ளுமுள்ளு. அந்த வாரம் புதன்கிழமை காலையில் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடியே சாவியை அவர் கையில் திணித்தாள்.

"பீரோவில நீலப் பை இருக்கும். அதை மட்டும் எடுத்துட்டு வா. வேற எதையும் தொடாதே."

வேற எதையும் தொடாதே. தமிழில்தான் சொன்னாள். தெளிவாகத்தான் சொன்னாள். பின்னால் இவர் தனக்குத்தானே எத்தனையோ சமாதானம் சொல்லிப் பார்த்தார், இந்த மூன்று வார்த்தையைத் தாண்டி ஒன்றும் நகரவில்லை.

நீலப் பை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. டப்பாவை நகர்த்தினார். உள்ளே ஏதோ சரசரத்தது. இருபத்தொன்பது வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்ட காது சும்மா இருக்குமா? மூடியைத் திறந்தார். ரப்பர் பேண்டு போட்டு, பழைய பச்சை ஐம்பதுகள். எண்ணினார். பதினொன்று.

அவருக்குக் கோபம்கூட வரவில்லை, பாசம்தான் வந்தது. பைத்தியக்கார அக்கா, எந்த மந்திரிக்கும் தெரியாமல் ஒரு ரகசிய நிதி வைத்திருக்கிறாளே, இன்னும் இரண்டே நாளில் எல்லாம் செல்லாக்காசு ஆகியிருக்குமே, நல்லவேளை நான் பார்த்தேன் என்று நெஞ்சு நிறைந்துபோனது. நோட்டுகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை தம் ஜன்னலில் தாமே வரிசையில் நின்ற மாதிரிதான் நடந்துகொண்டார். அவ்வளவு கறார். படிவம் நிரப்பினார். உரியவர் என்ற இடத்தில் அக்கா பெயர், கொண்டுவந்தவர் என்ற இடத்தில் 'தம்பி'. பத்து நோட்டு மளமளவென்று முடிந்தது. எல்லாவற்றிலும் ஓரத்தில் நீல மையில் ஏதோ எழுத்து. அழுக்கு. நம்பர், மூலை, கம்பி, ஓட்டை. பதினோராவதுதான் படுத்தியது. எப்போதோ நன்றாக நனைந்து, விறைப்பாகக் காய்ந்து, மண்நிறமாகிக் கிடந்தது. நம்பர் தெரியவில்லை. நம்பர் தெரியாவிட்டால் மாற்ற முடியாது. ஐம்பதுதானே, கையிலிருந்து போட்டுவிடலாம் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். இவர் செய்ய மாட்டார். கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கைப் போட்டார், பூதக்கண்ணாடியை எடுத்தார், கால்மணி நேரம் குனிந்தே இருந்தார். விளக்கின் கீழ் நோட்டு மெல்ல மெல்லத் தெளிந்தது. ஓரத்தில் ஒரு வரி எழுத்து பளிச்சென்று மேலே வந்தது. அதற்குக் கீழே, கடைசியாக, நம்பர். நாலு, சைபர், எட்டு, ஒன்று, ஏழு, ஏழு. பதிவேட்டில் எழுதினார், பத்தோடு பதினொன்றாக அதையும் மெஷினில் செருகி அழுத்தினார். பதினோரு சலவை நோட்டை அதே ரப்பர் பேண்டில் போட்டு, அதே டப்பாவில், அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தார். அன்றைக்கு முழுக்க அவர் முகத்தில் ஒரு களை.

திங்கட்கிழமை. ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். அக்காவுக்கு மருந்து மயக்கம், பேச்சு மட்டும் தாராளமாக வந்தது. இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டப்பா விஷயத்தைச் சொல்லி அவளை ஆச்சரியப்படுத்த வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"பீரோவில ஒரு பிஸ்கட் டப்பா இருக்குடா. அதுல பழைய நோட்டு கொஞ்சம். உன்கிட்ட இத்தனை வருஷம் சொன்னதே இல்ல. சொல்ல வெட்கம்."

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

"உங்க மாமாவுக்கு வாய் திறந்து பேசவே வராது, தெரியுமே உனக்கு. கல்யாண நாளுக்கு வருஷா வருஷம் ஒரு ஐம்பது நோட்டுல ஒரு வரி எழுதிக் குடுப்பாரு. 'பேப்பர்ல எழுதினா குப்பைக்குப் போயிடும். நோட்டுல எழுதினா யாரு தூக்கிப் போடுவா?'ன்னு கேப்பாரு." அக்கா கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள். "நீ பேங்க்ல சேர்ந்தப்புறம், 'உன் தம்பியைத் தவிர'ன்னு சொல்லுவாரு. அந்த வரியையும் எல்லா வருஷமும் சொல்லுவாரு."

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சிரிக்க வேண்டும் என்று தோன்றிச் சிரித்தார். அது சிரிப்பு மாதிரி வரவில்லை.

"பழைய பச்சை நோட்டா அக்கா? வெள்ளிக்கிழமையோட செல்லாதுன்னு..."

"செல்லாட்டி என்ன? நான் என்ன செலவு பண்ணவா வெச்சிருக்கேன்? வீட்டுக்கு வந்ததும் அதுல உனக்கு ஒரு வேலை இருக்கு. அப்ப சொல்றேன்." தூங்கிப்போனாள்.

செவ்வாய்க்கிழமை வாழ்க்கையில் முதல்தடவையாகக் காரணம் சொல்லாமல் லீவு போட்டுவிட்டுத் தலைமை அலுவலகத்துக்கு ஓடினார். மூட்டைப் பிரிவு அதிகாரி வரும்வரை வாசல் கூடத்தில் உட்காரச் சொன்னார்கள். எதிரே ஒரு கண்ணாடிப் பெட்டி. பழங்காலப் பணம் என்று சிப்பியில் கோத்த மாலைகள் வைத்திருந்தார்கள். எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறார், அட்டையைப் படித்ததில்லை. அன்றைக்குப் படித்தார். எங்கோ தீவுகளில் இருந்த ஜனங்கள் இந்த மாலையைக் கொடுத்து அரிசியோ மீனோ வாங்கியதில்லையாம். பெண் கேட்கும்போதும், அடித்துக்கொண்ட இரண்டு குடும்பம் ராசியாகும்போதும், செத்தவருக்காகவும்தான் கைமாறுமாம். எந்த மாலை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று அவர்கள் மறக்கவே மாட்டார்களாம். அக்கா இதை எந்த அட்டையிலும் படிக்காமலேயே தெரிந்து வைத்திருந்தாளே என்று நினைத்தபோது அவருக்கு அங்கேயே எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அதிகாரி நல்ல மனுஷர். "சலவை சாரா! நீங்களே நேர்ல வந்திருக்கீங்களே" என்று டீ வாங்கிக் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து பின்கட்டுக்கு அழைத்துப் போனார். நோட்டுகளைப் பொடிப்பொடியாக நறுக்கி, அழுத்தி, செங்கல் மாதிரிக் கட்டியாக்கி அடுக்கியிருந்தார்கள். கொதிகலனுக்குப் போகும். "உங்க மூட்டை நேத்து காலையிலயே முடிஞ்சிடுச்சு சார்." ஒரு கட்டியை எடுத்துக் காட்டினார். சாம்பலும் பச்சையுமாக இருந்தது. இவர் ஓரமாகக் கொஞ்சம் பிய்த்துப் பார்த்தார். நீல மை இருக்கிறதா என்று பார்த்தார். கையெல்லாம் பொடி ஒட்டியது. ஓட்டை போட்ட அதே கை.

அதற்கப்புறம் மூன்று வாரம் அவர் செய்ததெல்லாம் சொன்னால் வெட்கக்கேடு. பழைய நாணயம், தபால்தலை விற்கிற கடை ஒன்றில் ஏறினார். அதே வரிசைப் பச்சை ஐம்பது பதினொன்று வேண்டும் என்றார். எழுத்து இருந்தாலும் பரவாயில்லை என்றார். "எழுத்து இருந்தா விலை போகாது சார், நாங்க வாங்கறதே இல்ல" என்றார் கடைக்காரர், இவருடைய பாடத்தையே இவருக்குத் திருப்பிப் படித்த மாதிரி. மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கிவந்தார். ஞாயிற்றுக்கிழமை மனைவி வெளியே போன நேரம் பார்த்து, நோட்டுகளைத் தேநீரில் தோய்த்துக் காயவைத்து, நீலப் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். கள்ள நோட்டு ஆயிரம் கண்டுபிடித்தவர், தாமே ஒன்று செய்ய உட்கார்ந்துவிட்டார்.

என்ன எழுதுவது?

பதினோரு நோட்டையும் கையில் பிடித்துப் பார்த்தவர். ஒரு வார்த்தை நினைவுக்கு வரவில்லை. ஒரு எழுத்து வரவில்லை. நம்பர் வந்தது. முதல் நோட்டின் நம்பர், ஏழாவதின் நம்பர், அந்தப் பதினோராவதின் நம்பர் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. மாமா வருஷம் முழுக்க மனசில் சேர்த்து வைத்து எழுதிய வரியெல்லாம் இவர் கண்ணில் பட்டும் உள்ளே இறங்கவே இல்லை. பேனாவை மூடினார். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

மனைவிக்கு அவர் முகத்தைப் பார்த்தே ஏதோ தெரிந்துவிட்டது. துருவித் துருவிக் கேட்டு வாங்கிவிட்டாள். "போய்ச் சொல்லிடுங்க" என்றாள். "அக்கா திட்டினா வாங்கிக்கங்க. ஆனா இன்னொருத்தர் சொல்லித் தெரியக்கூடாது." சரி சரி என்றார். ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். அக்கா ஒவ்வொரு நாளும், "நீ இல்லேன்னா எனக்கு யாருடா இருக்கா?" என்றாள். வசவு என்றால்கூடத் தாங்கியிருப்பார்.

அக்கா வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம், தலையணை வைத்துக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "டப்பாவை எடு" என்றாள். எடுத்தார். "திற" என்றாள். திறக்கவில்லை. கட்டில் ஓரத்தில், அவள் காலடியில் உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். செல்லாமல் போகிறதே என்று எடுத்தது, ஓட்டை போட்டது, தலைமை அலுவலகம், செங்கல் கட்டி எல்லாம். தேநீரில் தோய்த்த நோட்டைப் பற்றிக்கூட மறைக்கவில்லை. கடைசியில் என்ன சொல்வது என்று தெரியாமல், இருபத்தொன்பது வருஷப் பழக்கம் வாயில் வந்து நின்றது.

"பதினொண்ணுக்குப் பதினொண்ணு சரியா வெச்சிருக்கேன்கா."

சொன்ன மாத்திரத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அக்கா டப்பாவை வாங்கித் திறந்தாள். சலவை நோட்டுகளைக் கையில் எடுக்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள். "இதை எடுத்துட்டுப் போ. இது என்னுது இல்ல, உன்னுது."

"திட்டிடுக்கா."

"எதுக்குடா திட்டணும்? செல்லாமப் போயிடுமேன்னு எனக்காகத்தானே செஞ்சே." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பத்து போனாப் போகுது. பத்தும் எனக்கு மனப்பாடம். இப்ப எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், உன்கிட்ட சொல்ல மாட்டேன், அவ்வளவுதான். அந்தப் பதினோராவதுதான்..."

அவர் நிமிர்ந்தார்.

"அது அவர் கையால குடுத்தது இல்லடா. கல்யாண நாளைக்கு வந்துட்டிருந்தாரு. ஆத்துலேருந்து எடுத்தப்போ சட்டைப்பையில இருந்துச்சு. போலீஸ்ல கவர்ல போட்டுக் குடுத்தாங்க. நான்தான் ஜன்னல்ல வெச்சுக் காயவெச்சேன். மை எல்லாம் கலைஞ்சு ஒண்ணுமே தெரியல. இருபத்திரண்டு வருஷமா வெளிச்சத்துல பிடிச்சுப் பிடிச்சுப் பார்க்கறேன். உன்கிட்ட ஏதோ விளக்கு இருக்குன்னு சொல்லுவியே, எது அழிஞ்சிருந்தாலும் காட்டும்னு. தம்பிகிட்ட போய் இதைக் குடுக்கறதான்னு கூச்சம். கீழ விழுந்தப்போ தோணிச்சு, இனிமே என்ன கூச்சம், செத்துப்போறதுக்குள்ள தெரிஞ்சிக்கணும்னு. அதுதான் உனக்கு வெச்சிருந்த வேலை."

ஊதா விளக்கு, பூதக்கண்ணாடி, கால்மணி நேரம். பளிச்சென்று மேலே வந்த ஒரு வரி. உலகத்திலேயே அந்த வரியைப் பார்த்தது இவர் கண் ஒன்றுதான்.

"விளக்குல வெச்சுத்தான்கா பார்த்தேன்."

அக்கா படக்கென்று திரும்பினாள். உடைந்த இடுப்பைக்கூட மறந்து முன்னால் சாய்ந்தாள். "தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"என்னடா எழுதியிருந்துச்சு?"

அவர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் டப்பாவைப் பார்த்தார். "நான் படிக்கலக்கா. நம்பரைத்தான் பார்த்தேன்."

அக்கா மறுபடி தலையணையில் சாய்ந்துகொண்டாள். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் முழுக்க அடங்கின பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"சரி. அந்த நம்பரைச் சொல்லு."

சொன்னார்.

"இன்னொரு தடவை. மெதுவா."

"நாலு. சைபர். எட்டு. ஒண்ணு. ஏழு. ஏழு."

அவர் சொல்லச் சொல்ல, அக்கா ஒவ்வொன்றாக உதட்டுக்குள் முணுமுணுத்து மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள்.